கனவான்கள் கட்டிய கூத்துமேடை
சுகுண விலாச சபையின் கதை

"தங்கள் குமாரர் என்ன செய்கிறார்?" என்று ஒருவர் கேட்கிறார். "நாடகத்தில் வேஷம் கட்டுகிறான்" என்று தகப்பனார் பதில் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சென்னைப் பட்டணத்தில் இப்படி ஒரு சம்பாஷணை நடந்திருந்தால் விளைவு என்னவாயிருக்கும்? கேட்டவர் பெண் கொடுக்கும் உத்தேசத்துடன் வந்திருந்தால், மேல்வேஷ்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார். கூத்தாடி என்பது அந்நாளில் ஒரு தொழிலின் பெயராக இருக்கவில்லை, வசவாகவே இருந்தது.

அந்தச் சொல்லிலிருந்த விஷத்தை இறக்கிய பெருமையில் பெரும் பங்கு சுகுண விலாச சபைக்கு உரியது. அதன் அங்கத்தினர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக நடித்தவர்கள் அல்லர். பகலில் கறுப்பு அங்கி தரித்துக் கோர்ட்டில் வாதாடுவார்கள். அல்லது காரியாலயத்தில் கணக்குப் பார்ப்பார்கள். மாலையில் ஒத்திகைக்கு வந்து ராஜாவாகவும் மந்திரியாகவும், ஏன், ராணியாகவும் கூட மாறிவிடுவார்கள்! கையிலிருந்து சந்தாக் கொடுத்து நாடகம் ஆடிய கூட்டம் அது.

பல்லாரி கற்பித்த பாடம்

1891-ஆம் வருஷம் பல்லாரியிலிருந்து ஸரஸ வினோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார்கள். அச்சபையின் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் கூச்சமின்றி வேஷம் தரித்து மேடையில் நிற்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் பார்த்தார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதுவரையில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு வெறுப்பு! ஷேக்ஸ்பியரைப் படித்து ருசி கண்ட அந்தக் கல்லூரி மாணவருக்கு, விடிய விடிய நடந்த நாடகங்கள் பரிகாசத்துக்குரியவையாகவே தோன்றின. பல்லாரியார் நாடகத்தைப் பார்த்த பிறகு எண்ணம் அடியோடு மாறியது. தெலுங்கில் கனவான்கள் செய்யக்கூடிய காரியத்தைத் தமிழில் ஏன் செய்யக்கூடாது? அவ்வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி, சில நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையை ஸ்தாபித்து விட்டார்.

எழுத ஆள் வேண்டுமே!

சபை ஏற்பட்டுவிட்டது. நாடகம் எங்கே? பழைய நாடகங்களில் பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நாலு வார்த்தை வசனமாகப் பேச வேண்டிய இடம் வந்தால், அது பெரும்பாலும் நடிகர்களின் சமயோசிதத்துக்கே விடப்பட்டிருந்தது. ஆகவே சம்பந்த முதலியாரே பேனாவைக் கையில் எடுத்தார். அவருடைய முதல் நாடகமாகிய "புஷ்பவல்லி" 1893-ல் விக்டோரியா பொது மண்டபத்தில் அரங்கேறியது. அந்தச் செங்கல் மண்டபம், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், ரிப்பன் கட்டடத்தின் பக்கத்தில் இன்றும் நின்று கொண்டிருக்கிறது.

சபைக்கு ஒரு நாடகம் வேண்டுமே என்ற கவலையால் எழுதத் தொடங்கியவர், தம் வாழ்நாளில் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முக்கியமான விஷயம் எண்ணிக்கையன்று. அவற்றை வசனத்தில் எழுதினார் என்பதே. கோபமும் தாபமும் பாட்டாக மாறுவதற்குக் காத்திராமல், மனிதர் பேசுகிற பேச்சிலேயே வெளிப்படலாம் என்று தமிழ் மேடைக்கு அவர் காட்டினார்.

ஷேக்ஸ்பியரையும் அவர் விட்டு வைக்கவில்லை. ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். சிம்பலின் சிம்ஹளநாதன் ஆனான். வெனிஸ் நகரம் வாணீபுரம் ஆயிற்று. ஓசையும் கெடவில்லை, நம்மூர்ப் பெயர் இல்லையென்று யாரும் குறை சொல்லவும் இடமில்லை!

சங்கிலியும் சொல்லும்

சபையின் நாடகங்களில் ஜனங்களின் மனத்தைக் கொள்ளை கொண்டது "மனோகரா." 1895-ல் முதன் முதலாக நடிக்கப்பட்டது. தகப்பனாகிய அரசன் தாசியின் வலையில் வீழ்ந்து தாயை அவமதிக்கிறான். மகனோ மகாவீரன், ஒரு கணத்தில் பழி தீர்த்து விடக் கூடியவன். ஆனால் தாயின் வாக்கு அவன் கையைக் கட்டி நிறுத்துகிறது. சங்கிலியால் பிணிக்கப்பட்டுச் சபை நடுவே நிற்கும் அவனைக் கண்டு கலங்காத ரஸிகர் இல்லை. இரும்புச் சங்கிலியைக் காட்டிலும் தாயின் சொல் வலியது என்பதல்லவா அந்தக் காட்சியின் ஜீவன்!

அந்த மனோகரன் வேஷத்தைத் தரித்துப் புகழ் பெற்றவர்களில் தீரர் சத்தியமூர்த்தியும் ஒருவர். காங்கிரஸ் மேடையில் கர்ஜித்த அதே குரல் நாடக மேடையிலும் ஒலித்தது. ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயர், பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக விளங்கிய ஆர். கே. ஷண்முகம் செட்டியார் முதலியோரும் சபையுடன் தொடர்பு கொண்டிருந்தவர்களே. இப்படிப்பட்டவர்கள் இருக்கும் இடத்தைப் பார்த்துக் "கூத்தாடிகள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ராணி வேஷம்

ஆனாலும் சபையில் ஒரு பெரிய இடம் காலியாகவே இருந்தது. பெண்களின் இடந்தான்! குடும்ப ஸ்திரீகள் மேடையேறுவதை நினைத்தும் பார்க்காத காலம். ஆடவர்களே பெண் வேடம் பூண்டார்கள். அவர்களில் தலை சிறந்தவர் சி. ரங்கவடிவேலு. சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால் அவர்தான் கதாநாயகி. அந்த நண்பரின் மறைவைப் பற்றி முதலியார் தமது "நாடக மேடை நினைவுகள்" என்னும் நூலில் மிகுந்த துயரத்துடன் எழுதியிருக்கிறார்.

1911-ல் சபையார் கடல் கடந்து இலங்கைக்கும் சென்று நாடகங்கள் நடத்தினார்கள். ஈழத்து நாடக உலகில் புகழ் பெற்ற கலையரசு சொர்ணலிங்கம், சம்பந்த முதலியாரையே தம் குருவாகக் கொண்டவர்.

ஒரு குறையும் உண்டு

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமல்லவா? கனவான்கள் மேடையேறியதால் மேடைக்குக் கௌரவம் வந்தது, வாஸ்தவம். ஆனால் அந்தக் கௌரவம் கனவான்களுடனேயே வீடு திரும்பிவிட்டது. ஊர் ஊராகச் சுற்றிய கம்பெனி நடிகர்களுக்கும், சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் அதில் கிடைத்த பங்கு சொற்பமே. வக்கீல் நடித்தால் கலை, ஏழை நடித்தால் கூத்து என்ற பேதம் லேசில் மறையவில்லை.

எனினும் நாடகங்களுக்கு அந்தப் பேதம் தெரியவில்லை. "மனோகரா"வைக் கம்பெனியார் ஏற்றுக் கொண்டார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் அதைப் பல ஊர்களில் நடித்தார்கள். 1936-ல் அது படமாக வந்தபோது சம்பந்த முதலியாரே அதில் நடித்தார்; 1954-ல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் மனோகரனாகத் தோன்றினார். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்து அவர் எழுதிய "சபாபதி"யோ, 1941-ல் திரைக்கு வந்து தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தது.

பேசும் படம் பெருகப் பெருக, சபையின் மேடை மெதுவாக ஓய்ந்தது. மவுண்ட் ரோடில் சொந்த இடம் கிடைத்தது, ஒத்திகை குறைந்தது, பொழுதுபோக்குக் கழகம் என்ற பெயரே நிலைத்தது. 1924-ல் சிறு வழக்குக் கோர்ட்டின் நீதிபதியான சம்பந்த முதலியார், 1928-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். நாடகத்திலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. 1959-ல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1964-ல் தமது தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார்.

இன்று நம் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூட விழாவில் அட்டைக் கிரீடம் சூட்டிக்கொண்டு நிற்கிறது. நாமும் முன் வரிசையில் உட்கார்ந்து பூரித்துப் போகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்த எண்ணம் தானாக வந்ததன்று. அதற்காக ஒரு தலைமுறை சொந்தப் பணத்தைச் செலவிட்டு, ஊராரின் ஏளனத்தையும் சகித்துக் கொண்டது. அடுத்த முறை குழந்தை வசனத்தை மறந்து விழிக்கும்போது, சிரிப்பதற்கு முன்னால் அவர்களை ஒரு கணம் நினைத்துக் கொள்வோமாக!