பாதியை மட்டும் சொல்லும் கதிர்

எக்ஸ் கதிர் என்றதும் எலும்பு முறிவைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்தான் நம் கண்முன் வருகிறது. 1895ல் ரான்ட்கன் தன் மனைவியின் கையை எடுத்த படம் உலகெங்கும் பரவியதில் இருந்தே, மறைந்திருப்பதை அப்படியே காட்டிவிடும் கதிர் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் அறிவியலுக்கு அந்தக் கதிர் செய்த மிகப் பெரிய உதவி வேறு வழியில் வந்தது. 1912ல் மியூனிக் நகரில், மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி ஃப்ரீட்ரிச், க்னிப்பிங் என்ற இருவர் மயில்துத்தப் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். தகட்டில் படிகத்தின் உருவம் விழவில்லை. சிதறிய புள்ளிகள்தான் விழுந்தன. சில மாதங்களிலேயே பிராக் என்ற தந்தையும் மகனும் அந்தப் புள்ளிகளைக் கொண்டு அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தைக் கணக்கிடும் வழியைத் திறந்தார்கள். சமையல் உப்பில் தொடங்கி பெனிசிலின், வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் வரை எத்தனையோ பொருட்களின் அணு அமைப்பு அப்படிப்பட்ட புள்ளிகளில் இருந்து தெரியவந்ததுதான். என் வாதம் இது: கதிர் பாதிச் செய்தியைத்தான் தருகிறது, மீதியை மனிதர்கள் யோசித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அந்தக் குறைதான் இந்தத் துறையை இவ்வளவு கறாரானதாக வளர்த்திருக்கிறது.

பாதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மூலக்கூறில் அடுத்தடுத்த அணுக்களுக்கு நடுவே இருக்கும் தூரம் ஒன்று அல்லது இரண்டு ஆங்ஸ்ட்ராம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ நாலாயிரம் ஆங்ஸ்ட்ராமுக்குக் குறையாது. அவ்வளவு நீண்ட அலையால் அணுவைப் பிரித்தறிய முடியாது. எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுத் தூரத்துக்குச் சமமாக இருப்பதால் அது பொருந்துகிறது. ஆனால் அணுக்களில் பட்டுச் சிதறிய எக்ஸ் கதிர்களைத் திரும்பக் குவித்து அணுக்களின் பிம்பமாக்கும் லென்ஸ் கிடையாது. லென்ஸின் வேலையைக் கணிதம் செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு புள்ளியைப் பற்றியும் இரண்டு செய்திகள் தேவை: வந்து விழுந்த அலை எவ்வளவு வலுவானது, அதன் முகடும் பள்ளமும் மற்ற அலைகளோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டத்தில் இருந்தன. தகடு முதல் செய்தியை மட்டும் பதிகிறது, இரண்டாவது தொலைந்துபோகிறது. இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு இன்சுலின் சாட்சி. டாரதி ஹாட்ஜ்கின் அதன் படிகத்தை முதலில் படமெடுத்தது 1930களின் நடுவில். அமைப்பு தெளிவானது 1969ல். 1937ல் ஹீமோகுளோபினில் இறங்கிய மாக்ஸ் பெருட்ஸ், பாதரச அணுக்களை அதில் ஒட்டவைத்து, ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் புள்ளிகள் மாறும் விதத்தில் இருந்து தொலைந்த செய்தியை மீட்கலாம் என்று 1953ல்தான் காட்டினார்.

டிஎன்ஏ கதையிலும் இதைப் பார்க்கலாம். 1952ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த படத்தில் நடுவே பெருக்கல் குறி போன்ற ஓர் அமைப்பு. திருகுச் சுருள் இருக்கிறது, அது 34 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை ஒரு சுற்று முடிகிறது என்பதை அந்தப் படம் உறுதியாகச் சொல்கிறது. எந்தக் காரம் எந்தக் காரத்தோடு ஜோடி சேர்கிறது என்பதை அது சொல்லவில்லை. அதற்குச் சார்காஃபின் வேதியியல் அளவுகளும், வாட்சனும் கிரிக்கும் அட்டையிலும் உலோகத் தகட்டிலும் செய்து பார்த்த மாதிரிகளும் தேவைப்பட்டன. அதே சமயம், யோசனை மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. நல்ல படங்கள் கையில் இல்லாத லைனஸ் பாலிங், அந்தத் துறையின் மாபெரும் மூளை, 1953 தொடக்கத்தில் மூன்று இழைச் சுருள் ஒன்றை வெளியிட்டுத் தவறிப்போனார்.

இதைவிட நல்ல சான்று சென்னையில் இருக்கிறது. 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பொறுப்பை ஏற்ற ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதுகூட நிறையவில்லை. கொலாஜனின் அமைப்பு இன்னும் தெரியவில்லை என்று, சென்னைக்கு வந்த படிகவியலாளர் பெர்னல் சொன்னதைக் கேட்டு அவர் அதில் இறங்கினார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அது. தோல் பதனிடும் தொழிலுக்கு அதுதான் மூலப்பொருள், பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருந்தது. கங்காரு வாலின் தசைநாணில் இருந்து கிடைத்த இழை தெளிவான படம் தந்தது. தெளிவு என்றால், ஒரு நார்ப்பொருளில் எதிர்பார்க்கக்கூடிய தெளிவுதான்: கூர்மையான புள்ளிகள் கிடையாது, வில்போல வளைந்த சில கறைகள், அவற்றில் ஒன்று ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைக் குறிப்பது. இவ்வளவை வைத்து உருவம் சொல்ல முடியாது. வேதியியலில் இருந்து இன்னொரு துப்பு கிடைத்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது அது. பக்கவாட்டில் ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும். மூன்று இழைகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சுருண்டால் உள்பக்கத்தில் கிளைசினைத் தவிர எதற்கும் இடம் இருக்காது, ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஓர் இடம் உள்பக்கம் திரும்பும். கணக்கு பொருந்தியது. 1954ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் நேச்சர் இதழில் மூவிழை அமைப்பை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, மூன்றும் சேர்ந்தும் முறுக்கிக்கொள்ளும் வடிவமாக அதைத் திருத்தினார்கள்.

உடனே எதிர்ப்பு வந்தது. அந்த அமைப்பில் சில அணுக்கள் தகாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றார்கள் ரிச் என்ற ஆய்வாளரும் டிஎன்ஏ கதையில் வந்த அதே கிரிக்கும்; ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் மறுத்தார்கள். பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதே பின்னாளில் நிலைத்தது, மூவிழைச் சுருள் என்ற அடிப்படையும் நிலைத்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது ராமச்சந்திரன் அந்த எதிர்ப்பைக் கையாண்ட விதம். இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்பதை அதுவரை வெளியான படிக அமைப்புகளில் எல்லாம் தேடி அளந்தார். அந்த எல்லையை மீறாமல் ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று சசிசேகரனோடும் சி. ராமகிருஷ்ணனோடும் சேர்ந்து கணக்கிட்டார். 1963ல் வந்த அந்த வரைபடத்தில் பெரும்பகுதி வெற்றிடம்: அங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும், புரதம் போக முடியாது. இன்று உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரத அமைப்பைத் தீர்த்தாலும், அது ராமச்சந்திரன் வரைபடத்தின் அனுமதிக்குள் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியிடுகிறது. ஒரு விளக்கத்தின் மேல் எழுந்த சந்தேகம், எல்லா விளக்கங்களையும் சோதிக்கும் தராசாக மாறியது.

இத்தனை ஊகம் கலந்திருந்தால் இந்த அமைப்புகளை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006ல், செல் சவ்வில் இருக்கும் சில புரதங்களைப் பற்றிய ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கணக்கிடும் மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையால் அமைப்பே இடவலம் மாறிப்போயிருந்தது. பல ஆண்டுகள் மற்றவர்களும் அதை நம்பித் திண்டாடினார்கள். இந்தச் சேதத்தைச் சிறிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் பிழை வெளியே வந்ததும் இன்னொரு படிகத்தால்தான்: சுவிட்சர்லாந்தில் ஒரு குழு அதே குடும்பத்துப் புரதம் ஒன்றின் அமைப்பைத் தீர்த்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூலப் புள்ளிகள் பொய் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் மறுபடி எடுக்கக்கூடிய அளவீடு அடியில் இருக்கும்வரை, விளக்கத்தைத் திருத்த வழி உண்டு. கொலாஜனிலும் அப்படித்தான்: 1994ல் கொலாஜன் போன்ற ஒரு சிறு பெப்டைடின் படிக அமைப்பு வந்தபோது, கறைகளில் இருந்து யோசித்தெடுத்த மூவிழைச் சுருளை அணு அணுவாகப் பார்க்க முடிந்தது.

புதிய எதிர்வாதமும் இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டு போன்ற கணினி நிரல்கள் அமினோ அமில வரிசையை வைத்தே உருவத்தைச் சொல்லிவிடுகின்றன, 2024ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. இனி கதிர் எதற்கு? அந்த நிரல் எதைப் படித்துத் தேறியது என்று பார்க்க வேண்டும். 1971ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இருக்கும் அமைப்புகளைத்தான். அவற்றில் மிகப் பெரும்பான்மை எக்ஸ் கதிரால் வந்தவை. மேலும், நிரல் தருவது ஒரு முன்கணிப்பு. புதிதாகச் செய்த ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தின் எந்தப் பள்ளத்தில், எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறது என்பதை அளந்துதான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. 2020 பிப்ரவரியில், கொரோனா வைரஸின் முக்கியப் புரதம்வெட்டி நொதியின் அமைப்பைச் சீன ஆய்வாளர்கள் தரவு வங்கியில் எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள், அதில் ஒரு தடுப்பான் மூலக்கூறு ஒட்டிய நிலையில். நோய் பரவத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அடுத்த சில வாரங்களில் இங்கிலாந்தின் டயமண்ட் சின்க்ரோட்ரான் என்ற எக்ஸ் கதிர் ஆய்வு மையத்தில் அதே நொதியின் படிகங்களைச் சிறுசிறு மூலக்கூறுகளில் ஊறவைத்து, எது எங்கே ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கதிரில் காட்டிப் பார்த்தார்கள்.