முதல் கை யாருடையது? கபடியில் எதிரணி டிஃபென்ஸைப் படிப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல ரைடர் எப்படிக் கால் வைக்கணும்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க: "மேட்சுக்கு முன்னாடி எதிர் டீமோட டிஃபென்ஸைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும்? எப்படித் தெரிஞ்சுக்கிறது?" இன்னைக்கு அதுதான் விஷயம். கூடவே, நான் இதைத் தப்பாப் பண்ணி ஒரு மேட்ச்சைக் கோட்டை விட்ட கதையும் இருக்கு.

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் பொங்கல் வந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். சம்பா அறுவடை ஒரு பக்கம் ஓடிக்கிட்டு இருக்கும். இன்னொரு பக்கம் ஊருக்கு ஊர் "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி"ன்னு ஃபிளெக்ஸ் ஏறிடும். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஆட்டம் சூடு பிடிக்கும். காலிறுதி முடியவே விடிஞ்சிடும்.

எங்க ஊர் டீம் ரெண்டு வருஷமா ஒரே டீம்கிட்ட அரையிறுதியில தோத்துக்கிட்டு இருந்துச்சு. மூணாவது வருஷமும் அதே டீம், அதே அரையிறுதி. எங்க மெயின் ரைடர் என் பெரியப்பா பையன். நான் சும்மா சப்ஸ்டிட்யூட். ஆனா கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், கையில லேப்டாப் இருக்கு. அதனால "நீ அவங்க ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லு"ன்னு பொறுப்பை என்கிட்ட விட்டுட்டாங்க. அந்த டீமோட பழைய மேட்ச் நாலு யூடியூப்ல கிடைச்சுது. மூணு ராத்திரி உட்கார்ந்தேன்.

பேரைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க

அந்த டீம்ல லெஃப்ட் கார்னர்னா ஏரியா முழுக்க பேரு. கணுக்காலைப் பிடிச்சா விட மாட்டார்னு சொல்வாங்க. ரெண்டு வருஷமும் எங்களுக்கு அவரைப் பத்தின பயம்தான். மைக்ல பேசுறவரும் ஒவ்வொரு பிடிக்கும் அவர் பேரைத்தான் கத்துவார்.

நான் ஒரு நோட்டுல கட்டம் போட்டு, ஒவ்வொரு பிடிக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ரைடர் மேல முதல்ல கை வச்சது யாரு? கடைசியா யார் மேல விழுந்தாங்கன்னு பார்க்கலை, முதல் கை யாருடையதுன்னு மட்டும்தான் பார்த்தேன்.

ரெண்டாவது வீடியோ முடியும்போதே கணக்கு வேற மாதிரி வந்துச்சு. லெஃப்ட் கார்னர் முதல் கை வச்ச பிடி கொஞ்சம்தான். பெரும்பாலான பிடிகளை ஆரம்பிச்சது ரைட் கவர்.

இங்க ஒரு நிமிஷம் நின்னு விளக்கிடறேன். ஏழு பேர் நிக்கும்போது ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்க கார்னர். அவங்களுக்கு உள்பக்கம் இன், அதுக்கு அடுத்து கவர், நடுவுல ஒருத்தர். லெஃப்ட், ரைட்ங்கிறது பிடிக்கிறவங்க பக்கத்துல இருந்து சொல்றது. ரைடருக்கு அது அப்படியே மாறும். அவங்க லெஃப்ட் கார்னர் நம்ம ரைடருக்கு வலது கைப் பக்கம் இருப்பார்.

ரைடர் லெஃப்ட் கார்னரைத் தேடிப் போறார்னு வைங்க. கண்ணு முழுக்க அந்தக் கார்னர் மேல இருக்கும். அந்த நேரத்துல எதிர்ப் பக்கச் சங்கிலி சும்மா நிக்காது, மெதுவா முன்னாடி ஏறி வரும். ரைடர் "போதும்"னு நடுக்கோட்டுப் பக்கம் திரும்புற அந்த அரை நொடியில ரைட் கவர் பக்கவாட்டுல வந்து ஒரு டேஷ். ரைடர் லாபியைத் தாண்டி வெளியே கிடப்பார். அப்புறம்தான் கார்னர் உள்பட எல்லாரும் ஓடி வருவாங்க. மைக்ல யார் பேரு? கார்னர் பேரு!

மீன் பிடிக்கிற கணக்குதான். கார்னர் தூண்டில் புழு, கவர்தான் முள்ளு. நாங்க ரெண்டு வருஷமா புழுவைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்.

நோட்டுல என்ன எழுதணும்

நீங்க செய்யணும்னா அஞ்சு கட்டம் போதும்.

ஒண்ணு, அப்போ எத்தனை டிஃபென்டர் இருந்தாங்க. இது ரொம்ப முக்கியம். ஏழு பேர் இருக்கும்போது ஆடுற டிஃபென்ஸும் மூணு பேர் இருக்கும்போது ஆடுற டிஃபென்ஸும் ரெண்டு வேற டீம் மாதிரி. ஆறு பேரோ அதுக்கு மேலயோ இருந்தாதான் போனஸ் கிடைக்கும். மூணு பேரோ அதுக்குக் கீழயோ இருக்கும்போது பிடிச்சா சூப்பர் டேக்கிள், அவங்களுக்கு ரெண்டு பாயிண்ட். அதனால ஆள் குறைஞ்சா பின்வாங்கி இடம் கொடுத்து, ரைடரை ஆழமா வரவெச்சுப் பிடிக்கப் பார்ப்பாங்க. ஊர்ப் போட்டியில விதி கொஞ்சம் மாறலாம், முன்னாடியே கமிட்டிகிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டு, முதல் கை யாருடையது. மூணு, என்ன பிடி: கணுக்காலா, தொடையா, டேஷா, பிளாக்கா. நாலு, ரைடர் அப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார்: போனஸுக்குக் கால் நீட்டினாரா, கையை வீசினாரா, திரும்பினாரா. போனஸ் எடுக்கும்போது ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றி இருக்கும், இன்னொரு கால் தூக்கி இருக்கும். ஊன்றின அந்த ஒத்தைக் கால்தான் கார்னருக்குத் தீனி. சில கார்னர் இடத்தை வேணும்னே திறந்து விடுவாங்க.

அஞ்சாவதை எல்லாரும் விட்டுடுவாங்க: ஒண்ணுமே நடக்காத ரைடு. ரைடர் போனார், வந்தார், பாயிண்ட் இல்ல. ஃபார்வர்டு பண்ணிடுவோம். ஆனா அங்கதான் யார் எப்போ ஒரு அடி முன்னாடி வைக்கிறாங்க, யார் யார் கையைப் பிடிக்கிறாங்கன்னு தெளிவாத் தெரியும். ரெண்டு காலி ரைடுக்கு அப்புறம் மூணாவது டூ ஆர் டை. பாயிண்ட் எடுக்கலைன்னா ரைடர் அவுட். முதல் ரெண்டு ரைடையும் வேணும்னே காலியா விட்டு, மூணாவதுக்கு வலை விரிக்கிற டீம் இருக்கு. காலி ரைடைப் பார்க்காம அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பெரிய ஆட்டத்துலயும் இதே கதைதான்

2016 அக்டோபர், அகமதாபாத், உலகக் கோப்பை ஃபைனல், இந்தியா - ஈரான். முதல் பாதி முடியும்போது ஈரான் 18-13ன்னு முன்னிலை. இரண்டாவது பாதியில இந்தியா ஆட்டத்தைத் திருப்பி 38-29ல ஜெயிச்சுது. அஜய் தாக்கூர் மட்டும் 12 ரைடு பாயிண்ட்.

அந்த இந்திய அணியில நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் இருந்தார். அதே வருஷம் ஜூலையில பாட்னா பைரேட்ஸ் புரோ கபடியை ஜெயிச்சப்போ கேப்டன் அவர்தான், அதுவும் நாப்பது வயசைத் தாண்டி! அந்த பாட்னா டீம்ல அவரோட சேர்ந்து ஆடினவர் ஈரானோட ஃபசல் அத்ராச்சலி, பேர் போன லெஃப்ட் கார்னர். மூணு மாசம் முன்னாடி ஒரே டீம், இப்போ எதிரெதிர் டீம்.

ரெண்டு வருஷம் கழிச்சு 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதி. மறுபடியும் ஈரான். இந்தியா 18-27ன்னு தோத்துச்சு. கேப்டன் யாரு? அதே அஜய் தாக்கூர். ஒரே காரணம்னு எதையும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு கவனிங்க. ஈரான் ஆட்கள் வருஷா வருஷம் நம்ம ரைடர்களோட ஒரே டீம்ல பயிற்சி எடுத்து ஆடினவங்க. நம்ம ரைடர் எந்தக் கால்ல திரும்புவார்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு வீடியோகூடத் தேவைப்பட்டிருக்காது. நாம அவங்களைப் படிக்கிற அதே நேரத்துல அவங்களும் நம்மளைப் படிக்கிறாங்க. இந்த இடத்துலதான் நான் கவுந்தேன்.

அந்த ராத்திரி

மூணு ராத்திரி பார்த்து நான் கண்டுபிடிச்சதெல்லாம் பதினோரு பாயிண்ட். ஆட்டத்துக்கு முன்னாடி அண்ணனை உட்கார வச்சு பதினொண்ணையும் சொன்னேன். "அவன் வந்தா இப்படி, இவன் வந்தா அப்படி, அஞ்சு பேர்னா இது, நாலு பேர்னா அது." அண்ணன் தலையாட்டினார். உள்ள போனார். முதல் பாதியில மூணு தடவை அவுட். சாதாரணமா யோசிக்காமப் பாயுற மனுஷன், அன்னைக்குக் கோட்டுல நின்னு யோசிச்சுக்கிட்டு இருந்தார். ஒரு ரைடுக்கு இருக்கிறதே முப்பது நொடி. அதுல பதினோரு விஷயத்தை எங்க யோசிக்கிறது?

இடைவேளையில எங்க மாஸ்டர், ரிட்டயர்டு பி.டி. வாத்தியார், என் நோட்டை வாங்கி மூடி வச்சார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவனுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி."

சொன்னேன்: "அண்ணே, திரும்புறதுக்கு முன்னாடி ரைட் கவரை ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்புங்க. அவர் ஏறி வந்திருந்தா அவரையே தொட்டுட்டு வந்துடுங்க."

அவ்வளவுதான். ரெண்டாவது பாதியில அண்ணன் கார்னர்கிட்ட போற மாதிரிப் போவார், பாதியில நிப்பார், ஏறி வர்ற கவரை முதுகுக் கையால ஒரு தட்டு, ஓட்டம். ரெண்டு தடவை அப்படியே நடந்துச்சு. ஸ்கோர் சமமாச்சு. திடல்ல ஒரே விசில்.

கடைசி நிமிஷத்துல டூ ஆர் டை. அண்ணன் போறார். இந்தத் தடவை ரைட் கவர் ஏறவே இல்ல. இடத்துலயே நின்னார். அண்ணன் அவரைப் பார்க்கத் தலையைத் திருப்பின அந்த நொடியில லெஃப்ட் கார்னர் கணுக்காலைப் பிடிச்சுட்டார். ஒரு பாயிண்ட்ல தோத்தோம்.

மேட்ச் முடிஞ்சு டீக்கடையில அந்தக் கார்னரைப் பார்த்தேன். நல்ல மனுஷன், அவரே வந்து பேசினார். "செகண்ட் ஆஃப்ல உங்க ஆளு திரும்புறப்பல்லாம் தலையை அந்தப் பக்கம் கொண்டு போறாரு தம்பி. ரெண்டு தடவை விட்டுப் பார்த்தோம். மூணாவது தடவைக்குக் காத்திருந்தோம்."

என்னோட மூணு ராத்திரி வேலையை அவங்க ரெண்டே ரைடுல படிச்சுட்டாங்க.

எடுத்துக்கிட்டுப் போக வேண்டியது

அமெரிக்கன் ஃபுட்பால் டீமெல்லாம் ஒரு மேட்சுக்காக வாரம் முழுக்க எதிரணி வீடியோ பார்ப்பாங்க. அதுக்குன்னே சம்பளம் வாங்குற கோச் இருப்பாங்க. நம்மகிட்ட ஒரு போனும் ஒரு நோட்டும்தான். அதுவே போதும், ஆனா மூணு விஷயம் மறக்காதீங்க.

முதல் கை யாருடையதுன்னு எண்ணுங்க. எத்தனை கண்டுபிடிச்சாலும் ரைடர்கிட்ட ஒண்ணுதான் சொல்லுங்க, மிச்சத்தை நோட்டுலயே வச்சுக்கோங்க. உங்க யோசனை ரெண்டு தடவை பலிச்சுட்டா, அது அவங்களுக்கும் தெரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். மூணாவது தடவைக்கு வேற ஒண்ணு கையில இருக்கணும். அதுக்கு அவங்க வீடியோ மட்டும் பத்தாது, உங்க ரைடரோட வீடியோவையும் எதிரி கண்ணால உட்கார்ந்து பாருங்க.

அண்ணன் இப்போ ஆடுறதில்ல, முட்டி போயிடுச்சு. ஊர்ப் பசங்களுக்குச் சொல்லித் தர்றார். போன பொங்கலுக்குப் போனப்போ ஒரு பொடியன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார்: "கண்ணை மட்டும் திருப்புடா, தலையைத் திருப்பாதே." எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அந்த ஒரு பாயிண்ட் அவருக்கும் இன்னும் மறக்கலை.

அடுத்த எபிசோட்ல இதையே திருப்பிப் போட்டு, டிஃபென்டர் ஒரு ரைடரை எப்படிப் படிக்கணும்னு பேசலாம். உங்க ஊர்ல இந்த மாதிரி நோட்டு போடுற ஆள் இருந்தா எழுதுங்க, படிக்க ஆசையா இருக்கு. வர்றேன் மக்களே.