விலை குறைக்கும் சீட்டு

சீட்டாட்டங்களுட் பெரும்பாலன, கலைத்துப் பகிர்ந்த சீட்டுக்களைக் கைக்கு வந்தவாறே ஏற்று ஆடப்படுவன. நல்ல சீட்டு வாராதாயின் நொந்துகொள்வதன்றி வேறு வழியில்லை. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த டொமினியன் என்னும் ஆட்டம் இம்முறையை மாற்றிற்று. அமெரிக்கராகிய டானல்ட் எக்ஸ். வாக்கரினோ அமைத்த இவ்வாட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்குரிய சீட்டுக்கட்டை ஆட்டத்தினூடே தாமே விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தல் வேண்டும். 2009-இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டத்திற்கு வழங்கப்பெறும் ஸ்பீல் டெஸ் யாரெஸ் பரிசு இதற்குக் கிடைத்தது. இதன் வழியைப் பின்பற்றிப் பல ஆட்டங்கள் தோன்றின. பந்தயம் வைத்தாடும் ஆட்டம் அன்றாதலின் விடுதிக் காப்பாளர் எவரும் இது குறித்து அஞ்ச வேண்டுவதில்லை.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டு விதிகளுள் இன்றியமையாத சிலவற்றைக் கூறுவோம். ஒவ்வொருவரும் 7 செப்புக் காசும் 3 எஸ்டேட்டும் ஆகிய 10 சீட்டுக்களோடு தொடங்குவர். தம் முறை வருந்தோறும் 5 சீட்டுக்கள் கையிலிருக்கும். அவற்றுள் ஒரு செயற்சீட்டை ஆடி, உள்ள காசுக்கேற்ப நடுவிலுள்ள குவியல்களிலிருந்து ஒரு சீட்டை வாங்கலாம். வாங்கியனவும் ஆடியனவும் ஒருபுறம் கழிந்து கிடந்து, கட்டுத் தீர்ந்தபின் கலைக்கப்பெற்று மீண்டும் கைக்கு வரும். வெற்றிப் புள்ளி தருவன மூன்று: 8 காசு விலையுள்ள மாகாணத்திற்கு 6 புள்ளி, 5 காசு விலையுள்ள டச்சிக்கு 3, 2 காசு விலையுள்ள எஸ்டேட்டுக்கு 1. மாகாணக் குவியல் தீர்ந்தாலும், வேறு எவையேனும் மூன்று குவியல்கள் தீர்ந்தாலும் ஆட்டம் முடியும். இருவர் ஆடுங்கால் மாகாணங்கள் எட்டே. இப்புள்ளிச் சீட்டுக்கள் இறுதியில் எண்ணப்படுவனவேயன்றி, இடையிற் கைக்கு வந்தால் ஒன்றுக்கும் உதவாமல் இடத்தை அடைத்துக்கொள்வன.

2009-இல் வந்த இன்ட்ரீக் என்னும் விரிவுத் தொகுதியில் பிரிட்ஜ் என்றொரு சீட்டு உண்டு. நால்வர் கூடி ஆடும் பழைய பிரிட்ஜ் ஆட்டத்திற்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு உறவில்லை. மயக்கம் நேராதிருக்க நாம் இதனைப் பாலம் என்றே வழங்குவோம். பாலத்தின் விலை 4. அதனை ஆடினால் ஒரு காசு கிடைக்கும். மேலும் ஒரு சீட்டு வாங்கும் உரிமை கிடைக்கும். அம்முறை முடியுமளவும் எல்லாச் சீட்டுக்களின் விலையும் ஒரு காசு குறையும். விலை சூனியத்திற்குக் கீழே செல்லாது.

புதிதாக ஆடுவோர் இச்சீட்டை இகழ்வது வழக்கம். அவர் கணக்கும் முற்றிலும் தவறன்று. தனியொரு பாலம் ஒரு காசு தந்து ஒரு காசு குறைக்கிறது. ஒரு பொருளே வாங்குவார்க்கு அஃது இரண்டு காசுக்கு நிகர். வெள்ளிக் காசோ 3 விலைக்கே இரண்டு காசு தருகிறது. அன்றியும் அது செயலைச் செலவிடுவதில்லை. அங்ஙனமாயின் 4 விலை கொடுத்துப் பாலத்தை வாங்குவானேன் என்று அவர் வினவுவர். வினாவுக்கு விடை, பாலங்களைத் தனித்தனியே எண்ணாமல் ஒருங்கே எண்ணுவதில் உள்ளது.

கையிற் காசுச் சீட்டு ஒன்றுமில்லை, பாலங்கள் மட்டுமே ஆடப்படுகின்றன என்று கொள்வோம். 4 பாலங்களை ஆடினால் 4 காசு உண்டு. மாகாணத்தின் விலையும் 4 ஆகும். ஒரு மாகாணம் வாங்கலாம். 5 ஆடினால் 5 காசு, விலை 3, அப்பொழுதும் ஒன்றுதான். 6 ஆடினால் 6 காசு, விலை 2, மூன்று வாங்கலாம். 7 ஆடினால் 7 காசு, விலை 1; ஏழு வாங்கலாம். 8 ஆடினாலோ விலை சூனியம். வாங்கும் உரிமை 9. எட்டு மாகாணங்களும் நம்முடையனவே. காசு ஏறுகிறது, விலை இறங்குகிறது, வாங்கும் தொகையும் ஏறுகிறது. மூன்றும் ஒரே வேளையில் நிகழ்வதால் பயன் கூட்டற் கணக்கில் வளராமல் பெருக்கற் கணக்கில் வளர்கிறது. அவ்வெட்டுப் பாலங்களையே முறைக்கு ஒன்றாக எட்டு முறைகளில் ஆடி, ஒவ்வொரு முறையும் ஒரு பொருளே வாங்குபவர் பெறும் ஊதியம் மொத்தம் 16 காசு. அஃது இரண்டு மாகாணங்களின் விலை மட்டுமே.

ஆகவே பாலத்தை நம்புவோர் நெடும்பொழுது புள்ளி ஒன்றும் வாங்காமற் பொறுத்திருந்து, ஒரே முறையில் எல்லாவற்றையும் கொள்ளுதல் வேண்டும். எதிராளி மாகாணம் ஒன்று, இரண்டு என்று அடுக்கும்போது வெறுங்கையோடு அமர்ந்திருப்பது எளிதன்று. ஆயினும் அவர் கட்டு உதவாச் சீட்டுக்களால் நிறைந்து தளர்கிறது. நமது கட்டோ தூய்மையாயிருக்கிறது.

இனிப் பாலங்களைத் திரட்டும் வகையைக் காண்போம். முதலாவது, சேப்பல் போன்ற சீட்டைக்கொண்டு எஸ்டேட்டுக்களையும் செப்புக் காசுகளையும் விரைவில் ஒழித்தல் வேண்டும். பின்னர் மூன்று சீட்டுக்களை எடுக்க உதவும் ஸ்மித்தி போன்றவை வேண்டும். இவற்றினும் அருமையானது செயல். ஒரு முறைக்கு ஒரு செயலே உரியது. பாலம் அதனை விழுங்கிவிடுகிறது. வில்லேஜ் என்னும் சீட்டு ஒரு செயலைக் கொண்டு இரண்டு தருகிறது; ஆகவே 7 பாலங்களை ஆட 6 வில்லேஜ் வேண்டும். ஸ்மித்தியை ஆடின், அதற்கும் ஒன்று கூட்டுக. இவ்வளவையும் வாங்குவதற்குப் பாலமே துணைசெய்கிறது. 3 செப்பும் 1 வெள்ளியும் 1 பாலமும் கையில் வந்தால் 6 காசு. பாலத்தின் விலையோ 3. ஒரே முறையில் இரண்டு பாலங்களை வாங்கலாம். குவியலில் உள்ள பாலங்கள் பத்தே. எதிராளியும் அவற்றை விரும்புவாராயின் முந்திக்கொள்பவர்க்கே வெற்றி.

2009-இல் வந்த சீசைட் தொகுதியின் நேட்டிவ் வில்லேஜ் இதற்குப் பெரிதும் ஏற்றது. 2 காசு விலையுள்ள அச்சீட்டு இரண்டு செயல் தருவதோடு, கட்டின் மேற்சீட்டை ஒதுக்கி வைக்கவும், ஒதுக்கியவற்றையெல்லாம் பிறிதொரு முறை ஒருங்கே கையில் எடுக்கவும் இடந்தருகிறது. கட்டிற் பாலங்கள் மிகுந்திருந்தால், ஒதுக்கப்படுவனவும் பெரும்பாலும் பாலங்களாகவே அமையும்.

செயலைச் சிக்கனப்படுத்த வேறு வழியும் உண்டு. துரோன் ரூம் என்பது கையிலுள்ள ஒரு செயற்சீட்டை இருமுறை ஆடச் செய்வது. ஒரு துரோன் ரூமினால் மற்றொரு துரோன் ரூமை ஆடி, அதனால் இரண்டு பாலங்களை ஆடினால், ஒரே செயலில் நான்கு பாலங்களின் பயன் கிட்டும். 2010-இல் வந்த பிராஸ்பெரிட்டி தொகுதியின் கிங்ஸ் கோர்ட் மும்முறை ஆடச் செய்வது. இரண்டு கிங்ஸ் கோர்ட்டும் மூன்று பாலங்களும் ஆகிய ஐந்து சீட்டுக்கள் ஒருங்கே வந்துவிட்டால், வில்லேஜ் ஒன்றுமின்றியே ஒன்பது பாலங்களின் பயன் விளைந்து ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இதனை முதன்முறை காண்பவர் விதிப்புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது இயல்பே.

எப்பொழுது பாய்வது என்பதே கடினமான வினா. எதிராளி 4 மாகாணங்களை வாங்கிவிட்டார், தொடக்கத்து 3 எஸ்டேட்டுக்களும் அவர் கட்டில் உள்ளன. நாமோ எஸ்டேட்டுக்களை ஒழித்துவிட்டு ஒரு புள்ளியுமின்றி இருக்கிறோம் எனக் கொள்க. அவருக்கு 27 புள்ளி. நாம் 6 பாலங்களை ஆடினால் மூன்று மாகாணங்களை வாங்கலாம். டச்சியின் விலை சூனியமாகிவிட்டதால் எஞ்சிய நான்கு உரிமைகளுக்கும் நான்கு டச்சிகளை இலவசமாகக் கொள்ளலாம். ஆக 30 புள்ளி. முந்திவிட்டோமே என மகிழ்தற்கில்லை. மாகாணம் ஒன்று எஞ்சியுள்ளது. எதிராளி அதனை வாங்கி 33 புள்ளியோடு ஆட்டத்தை முடித்துவிடுவார். அந்த 6 பாலங்களோடு ஒரு வெள்ளிக் காசு இருந்திருப்பின் நான்கு மாகாணங்களும் மூன்று டச்சிகளும் நமக்காகி, ஆட்டமும் அப்பொழுதே முடிந்து, 33-க்கு 27 என வென்றிருப்போம். ஒரு வெள்ளிக் காசே வெற்றி தோல்வியைத் தீர்த்துவிடுகிறது. ஆதலின் பாயுமுன், எத்தனை புள்ளி பெறுவோம் என்பதனோடு, ஆட்டம் அம்முறையிலேயே முடியுமா என்பதையும் எண்ணுதல் வேண்டும். முடியாதாயின், எதிராளி அடுத்த முறையில் 8 காசு சேர்க்கக்கூடுமா என்பதை அவர் கட்டின் நிலைகொண்டு உய்த்துணர்ந்து, ஒரு முறை பொறுக்கலாமா என்பதைத் துணிக.

விலை குறைக்கும் பிற சீட்டுக்களும் உள. குவாரி செயற்சீட்டுக்களின் விலையை மட்டும் இரண்டு காசு குறைக்கும். கட்டமைக்க உதவுமேயன்றி மாகாணம் வாங்க உதவாது. 2011-இல் வந்த ஹின்டர்லாண்ட்ஸ் தொகுதியின் ஹைவே 5 காசு விலையுள்ளது. ஒரு சீட்டும் ஒரு செயலும் திருப்பித் தருவதால் எத்தனை ஹைவேக்களையும் தடையின்றி ஆடலாம். ஆனால் அது காசும் தருவதில்லை, வாங்கும் உரிமையும் தருவதில்லை. எட்டு ஹைவேக்களை ஆடி மாகாணத்தை இலவசமாக்கிவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது பரிதாபத்திற்குரியது. அதனோடு மார்க்கெட் போன்ற உரிமை தரும் சீட்டையோ, 4 காசு வரை விலையுள்ள ஒன்றை விலையின்றிப் பெற்றுத்தரும் வொர்க்‌ஷாப்பையோ சேர்த்தல் வேண்டும். நான்கு ஹைவேக்களுக்குப்பின் ஒவ்வொரு வொர்க்‌ஷாப்பும் ஒரு மாகாணத்தைக் கொணரும்.

சீட்டுக்களை ஆடும் வரிசையும் கருதத்தக்கது. விலைக்குறைவு கையிலுள்ள சீட்டுக்களையும் பற்றுவதால், ஒரு சீட்டை ஒழித்து அதன் விலையளவு காசு தரும் சால்வேஜரைப் பாலத்திற்கு முன்னரே ஆடுதல் நன்று. பின்னர் ஆடினால் காசு குறையும். ரீமாடலோ இதற்கு நேர்மாறு. அது கையிலுள்ள ஒன்றை ஒழித்து, அதனினும் இரண்டு காசு வரை மிகுந்த விலையுள்ள வேறொன்றைத் தருவது. ஆறு பாலங்களுக்குப்பின் மாகாணத்தின் விலை 2. செப்புக் காசின் விலையோ முன்போலவே சூனியம். அவ்வேளையில் ரீமாடலை ஆடினால், கையில் எஞ்சிய செப்புக் காசொன்று மாகாணமாக மாறிவிடும்.