மழைநீரில் நின்ற வண்டி

கொல்கத்தாவுக்குக் காரில் செல்லும் நேயர்கள் மழைக்காலத்தில் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பெருமழையில் அம்ஹர்ஸ்ட் தெரு போன்ற தாழ்ந்த இடங்களில் முழங்காலளவு நீர் தேங்கும். அங்கே எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்ப முயலலாகாது. சிலிண்டரினுள் நீர் புகுந்திருக்கக் கூடும். காற்று அழுத்தத்திற்குச் சுருங்கும், நீரோ சுருங்காது. ஆகவே பிஸ்டனைப் பிணைக்கும் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகும்.

வண்டியினும் உயிர் பெரிது. 2025 செப்டம்பர் 23 அன்று அந்நகரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து பலர் மாண்டனர். இறங்க நேர்ந்தால் விளக்குக் கம்பங்களையும் அறுந்து தொங்கும் கம்பிகளையும் அணுகாதீர்கள். உதவிக்கு 112 என்னும் எண்ணையும், நகருக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்னும் எண்ணையும் அழைக்கலாம். நீர் வடிந்தபின் வண்டியைக் கட்டியிழுத்து மெக்கானிக்கிடம் சேர்ப்பியுங்கள். அவர் சிலிண்டரிலுள்ள நீரை அகற்றிய பின்னரே சாவியைத் திருப்பலாம்.