உளியும் சொல்லும்

“வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது நம் பெரியோர் சொல். மரச்சிற்பத் தொழிலில் அந்த வாய் எப்போது, எப்படிப் பேசுகிறது என்பதும் தொழில் திறமையின் ஒரு பகுதியாகும்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இக்கலை சிறந்து விளங்குகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். வாங்குபவரின் நம்பிக்கையைக் காப்பது சிற்பியின் சொல்லே.

களிமண் பொம்மை தவறினால் மறுபடி பிசையலாம். உலோகத்தை மறுபடி உருக்கலாம். மரத்திலிருந்து பெயர்ந்த சில்லு மீண்டும் பழையபடி சேராது. ஆகவே, கேட்க வேண்டியதை உளி எடுக்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.

“3 அடியில் ஒரு பிள்ளையார் வேண்டும்” என்று ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். பீடத்தைச் சேர்த்து 3 அடியா, நீங்கலாகவா? திருவாசி உண்டா? தேக்கா, வாகையா? ஒன்றும் கேட்காமல் தலையாட்டுவது பணிவுபோலத் தோன்றும். பின்னர் அதுவே சண்டைக்கு வித்தாகும். “ஐயா, சிலையை எங்கே வைக்கப் போகிறீர்கள்? அந்த இடத்தை அளந்து சொல்லுங்கள்” என்று கேட்பதே மரியாதை. அளவு, மரம், விலை, நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

நன்கு உலராத மரம் பிறகு வெடிப்பு விடும். “அடுத்த வாரமே தருகிறேன்” என்று இனிக்கப் பேசிப் பச்சை மரத்தில் செதுக்குபவரை நம்பலாமா? “மரம் காய வேண்டும் அம்மா, நாளாகும்” என்பவரே நல்ல தொழிலாளி. திருமணத்துக்கோ கோயில் விழாவுக்கோ நாள் குறித்து வந்தவரிடம் தாமதத்தை முன்கூட்டியே சொல்வது கடமை.

பட்டறைக்குள்ளும் இப்படித்தான். ஒருவர் கோடிடுவார், ஒருவர் உருவம் எடுப்பார், ஒருவர் கண், விரல், நகைகளைச் செதுக்குவார், ஒருவர் உப்புத்தாள் தேய்த்து மெருகேற்றுவார். பிழை நேர்ந்தால் வாங்க வந்தவர் எதிரிலேயே, “யார் கெடுத்தது?” என்று கூவக்கூடாது. கூவினால், அடுத்த முறை பிழையை மறைக்கவே தோன்றும். தனியே அழைத்து, “தம்பி, இங்கே கோடு விலகியிருக்கிறது, பார்” என்றால் திருத்த நேரமிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கதவு நிலை கேட்பவரை ‘நீ’ என்றும், காரில் வருபவரை ‘நீங்கள்’ என்றும் அழைப்பது பணத்துக்குச் செய்யும் வணக்கமேயாகும். வாழ்நாளெல்லாம் காட்டோடு பழகிய அந்த மலைவாழ் பெரியவர், மரத்தைப் பற்றி நமக்கே ஒரு செய்தி சொல்லக்கூடும். மரியாதையாகப் பேசினால்தானே அவரும் வாய் திறப்பார்?

திருக்குறளில் ‘இனியவை கூறல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. தோழியரே, நாளை நாம் தையல், கணினி, செவிலியர் பணி என எதைக் கற்றாலும், தெளிவாகக் கேட்போம்; உண்மையைக் காலத்தில் சொல்வோம்; எவரையும் ‘நீங்கள்’ என்றே அழைப்போம்.