உருகிய கார உலோகங்களின் கலப்பு

திருப்பதியில் கோடைக்காலத்தில் பல நாட்கள் நிழலிலேயே உஷ்ணநிலை 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிடும். அத்தகைய நாளில், காற்றகற்றி மூடிய கண்ணாடிக் குழாய்களில் சீசியத்தையும் ருபீடியத்தையும் வைத்தால், இரண்டும் அடுப்பின் உதவியின்றியே உருகிவிடும். முன்னதன் உருகுநிலை 28.4 டிகிரி, பின்னதனுடையது 39.3 டிகிரி. 63.5 டிகிரியில் உருகும் பொட்டாசியமும், 97.8 டிகிரியில் உருகும் சோடியமும், 180.5 டிகிரியில் உருகும் லிதியமும் இதே கார உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவற்றை உருக்கி ஒன்றுசேர்த்தால் என்ன நிகழும்? சோடியமும் பொட்டாசியமும் எவ்விகிதத்திலும் கலக்கும். எடையில் ஏறக்குறைய 77 பங்கு பொட்டாசியமும் 23 பங்கு சோடியமும் கொண்ட கலவை, சுழிக்குக் கீழ் 12.6 டிகிரி வரையில் உறைவதில்லை. சித்தூரின் மார்கழிக் குளிரிலும் அது பாதரசம்போல் ஓடும். அளவில் வேறுபட்ட இருவகை அணுக்களும் ஒரே படிக அடுக்கில் எளிதில் பொருந்தாமையே இதற்குக் காரணம்.

லிதியத்தின் இயல்பு வேறு. உருகிய லிதியமும் சோடியமும் எண்ணெயும் நீரும்போலத் தனித்தனி அடுக்குகளாக நிற்கும். சுமார் 305 டிகிரிக்கு மேல்தான் எல்லா விகிதங்களிலும் ஒன்றாகும். பொட்டாசியத்துடனோ அவ்வெப்பத்திலும் அது கலவாது. ஒவ்வொரு கார உலோக அணுவும் ஓர் எலெக்ட்ரானைப் பொதுவில் விடுகிறது. லிதியம் அணு சிறியதாதலால் அத்திரவத்தில் எலெக்ட்ரான்கள் மிக நெருங்கியுள்ளன. சோடியத்தில் அந்நெருக்கம் ஏறத்தாழப் பாதியே. இவ்வேற்றுமையைச் சமப்படுத்தச் சக்தி செலவாகிறது. அது கலப்பைத் தடுக்கிறது. சோடியம், பொட்டாசியம் இவற்றிடையிலும் இவ்வேற்றுமை உண்டு. எனினும், எலெக்ட்ரானை ஈர்க்கும் திறனில் அவற்றுக்குள்ள வித்தியாசம் அதைப் பெரிதும் ஈடுசெய்கிறது.

இஃது ஆராய்ச்சிச்சாலைக்குள் அடங்கிய செய்தியன்று. 1951 டிசம்பர் 20-ஆம் நாள் அமெரிக்காவின் ஐடஹோவில் அணுசக்தியால் மின்விளக்குகளை ஏற்றிய உலையைக் குளிர்வித்தது சோடியம்-பொட்டாசியக் கலவையே. ஆனால் திருப்பதிக்குத் தென்கிழக்கே, கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை தனிச் சோடியத்தையே கொண்டது. சோடியம் வெப்பத்தை நன்கு கடத்துவது. கசிந்து குளிர்ந்தால் இறுகிவிடுவது. கலவையிலுள்ள பொட்டாசியமோ காற்றுப்பட்டால் வெடிக்கும் இயல்புள்ள ஆக்ஸைடைத் தோற்றுவிக்கக்கூடும். இந்நன்மைகளுக்கு விலையும் உண்டு: சோடியம் உறைந்து அடைத்துக்கொள்ளாதபடி குழாய்களை எப்போதும் சூடாக வைத்திருக்க வேண்டும்.