அம்மாவின் நோட்டுப் புத்தகமும் 1,68,000 மைல்களும்

2023 தீபாவளிக்கு முந்தைய வாரம். சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றில் 2,000 வெள்ளி வளையல் ஒன்றைக் கையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கார்டில் வாங்கினால் மைல் கிடைக்கும்மா” என்றேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “அந்த மைலு எத்தனை வெள்ளிக்குச் சமம்?”

கடைக்கு வெளியே நின்று கைப்பேசியில் கணக்குப் போட்டேன். ஒரு வெள்ளிக்கு 1.4 மைல் என்றால் 2,800 மைல். அதன் மதிப்பு ஏறத்தாழ 42 வெள்ளி. 42 வெள்ளிக்காக 2,000 வெள்ளி செலவழிக்க இருந்தேன். வளையலை வாங்கவில்லை.

கடன்பற்று அட்டைப் புள்ளிகளை வைத்து அம்மாவை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்ற கதையைச் சொல்லும்போதெல்லாம், “அப்போ டிக்கெட் இலவசமா?” என்று கேட்கிறார்கள். இல்லை. நம் வீட்டுச் செலவோடு கூடவே வரும் சிறு தள்ளுபடி அது. பொறுமையாகச் சேர்த்தால் பயணமாகும். பொறுமை தவறினால் கடனாகும். இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கடன்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அட்டையில் 3,000 வெள்ளி நிலுவை நின்றது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓராண்டில் வட்டியாக மட்டும் சுமார் 700 வெள்ளி போயிற்று. கடிதத்தைப் பிரித்துப் பார்த்த அம்மா அன்று சத்தம் போடவில்லை. “என்னம்மா, கடன் வாங்கித்தான் சாப்பிடணுமா?” என்று மட்டும் கேட்டார். தேக்கா சந்தையில் காய்கறியும் மீனும் ரொக்கத்துக்கு வாங்கி, ஒவ்வொரு காசையும் நோட்டில் எழுதி வைப்பவர் அவர்.

இன்று சிங்கப்பூரில் பெரும்பாலான அட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல். நல்ல அட்டைகூடப் பொதுச் செலவுக்குத் தரும் மைலின் மதிப்பு, செலவில் 2 விழுக்காடு அளவுதான். ஒரு மாதம் நிலுவை வைத்தாலே அந்த மாத மைல் வட்டியில் கரைந்துவிடும். அதனால் வீட்டில் ஒரு விதி வைத்தோம்: முழுத் தொகையையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஏற்பாடு இருந்தால்தான் அட்டை.

32 மாதச் சேமிப்பு

2022 ஜனவரியில் தொடங்கினோம். நான், கணவர், அம்மா என மூன்று பேர் வீட்டில் அட்டையில் போகக்கூடிய செலவு மாதம் 2,000 வெள்ளி. முஸ்தஃபாவில் வாங்கும் அரிசி பருப்பு, இணையத்தில் வாங்குபவை, கைப்பேசிக் கட்டணம், வெளியே சாப்பிடுவது எல்லாம் அதில் அடக்கம்.

பொதுவான மைல் அட்டைகள் ஒரு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் தரும். இணையக் கொள்முதல், உணவகம் போன்ற குறிப்பிட்ட வகைச் செலவுகளுக்கு 4 மைல் தரும் அட்டைகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கு மாத உச்சவரம்பு இருக்கும். எங்கள் 2,000 வெள்ளியைப் பாதியாகப் பிரித்தோம். 1,000 வெள்ளிக்கு 4 வீதம் 4,000 மைல். மீதி 1,000 வெள்ளிக்கு 1,400 மைல். மாதம் 5,400.

பார்சிலோனாவுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்சின் சிக்கன வகுப்பில் சேவர் வகைச் சீட்டுக்கு அப்போது ஒரு வழிக்கு 42,000 மைல். இரண்டு பேர் போய்வர 1,68,000. மாதம் 5,400 வீதம் 32 மாதம். அம்மா இதைக் கேட்டதும், “ஓ, இது சீட்டுக் கட்டுற மாதிரி” என்றார். அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘மைலு’ என்று தலைப்பிட்டு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

பட்டுத் தெரிந்துகொண்டவை

வங்கியில் இருக்கும் புள்ளி வேறு, கிரிஸ்ஃபிளையர் கணக்கில் இருக்கும் மைல் வேறு. சில அட்டைகளின் புள்ளிகள் காலாவதி ஆவதில்லை. கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றிவிட்டால் மூன்று ஆண்டில் காலாவதி. எனவே, பதிவு செய்யும் நேரம் நெருங்கும்வரை புள்ளிகளை வங்கியிலேயே விட்டுவைப்பது நல்லது. மாற்றும்போது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 25 வெள்ளி கட்டணம். சிறுகச் சிறுக மாற்றினால் அதுவே நட்டம்.

கணவன் மனைவி கிரிஸ்ஃபிளையர் மைல்களை ஒன்றாகச் சேர்க்க முடியாது. இருவரும் தனித்தனியாகச் சேர்த்தால் இரு கணக்கிலும் அரைகுறையாக நிற்கும். அதனால் கணவருக்குத் துணை அட்டை எடுத்தோம். புள்ளிகள் எல்லாம் என் கணக்கில் விழுந்தன. என் மைலில் மற்றவருக்குச் சீட்டு எடுக்க ஐந்து பேர்வரை நியமிக்கலாம். அம்மாவின் பெயரை அதில் சேர்த்தேன்.

எல்லாச் செலவுக்கும் புள்ளி கிடைக்காது. மின்சாரக் கட்டணம், காப்புறுதி, மருத்துவமனை, அரசாங்கக் கட்டணங்கள் முதலியவற்றைப் பல அட்டைகள் விலக்கிவிடுகின்றன.

மைலைப் பதுக்கி வைக்காதீர்கள். நாங்கள் தொடங்கியபோது ஐரோப்பாவுக்கு ஒரு வழி 38,000 மைல். 2022 ஜூலையில் அது 42,000 ஆனது. எங்கள் நான்கு வழிகளுக்கு 16,000 மைல் கூடிவிட்டது. அதாவது மூன்று மாதச் சேமிப்பு. 2025 நவம்பரிலும் கட்டண அட்டவணை மாறியது. திட்டமிடும் நாளில் இருக்கும் எண்ணைப் பார்த்தே கணக்குப் போடுங்கள்.

சீட்டும் விசாவும்

பயணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே மைல் சீட்டுகள் திறக்கும். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் சேவர் சீட்டு அரிது. நாங்கள் 2024 செப்டம்பரில், அடுத்த மார்ச் முதல் வாரத்துக்கு எடுத்தோம். ஈஸ்டருக்கு முன் என்பதால் ஸ்பெயினில் அறை வாடகையும் குறைவு. காசு கொடுத்து வாங்கினால் அந்தத் தேதிகளில் சீட்டு ஏறத்தாழ 1,400 வெள்ளி. மைலில் எடுத்ததால் வரி, விமான நிலையக் கட்டணமாக ஏறக்குறைய 140 வெள்ளி மட்டும். ஆக, ஒருவருக்கு 1,260 வெள்ளி மிச்சம். ஒரு மைல் ஒன்றரைக் காசு.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள எனக்கு 90 நாள்வரை விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசியான அம்மாவுக்கு ஷெங்கன் விசா தேவை. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியும் கட்டாயம். ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். நம் வீடுகளில் ஒரே குடும்பத்தில் இரண்டு வகைக் கடப்பிதழ் இருப்பது சாதாரணம். சீட்டு எடுக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே போன பிறகு

மைல் விமானத்தோடு முடிந்தது. தரையில் பணத்தைக் காப்பாற்றியவை வேறு.

பார்சிலோனாவிலிருந்து மட்ரிட் 621 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். இந்தத் தடத்தில் 2021 முதல் போட்டி நிறுவனங்கள் வந்துவிட்டதால் முன்கூட்டி எடுத்தால் மலிவு. எங்களுக்கு ஒருவருக்கு 25 யூரோ ஆனது. வார நாள் மதியங்களில் ‘மெனு தெல் தியா’ என்று ஒரு சாப்பாடு கிடைக்கும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், இனிப்பு எல்லாம் ஒரே விலையில். நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் சூப்பைக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மேலே ‘ஹமோன்’ துண்டுகளைத் தூவிவிடுவார்கள்.

கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசல் 785ல் கட்டத் தொடங்கப்பட்டது. 1236க்குப் பிறகு தேவாலயமானது. ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலை 8.30 முதல் 9.30 வரை இலவசம். 800க்கும் மேற்பட்ட தூண்களுக்கு நடுவே நின்ற அம்மா, மதுரை ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கி, நூறில் விட்டுவிட்டார். மட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி வரை மாலை 6 மணிக்கு மேல் இலவசம். ஆனால் கிரனாடாவின் அல்ஹம்ப்ராவில் மிச்சம் பார்க்கக்கூடாது. நாஸ்ரி அரண்மனைகளுக்கு நேரம் குறித்த சீட்டு. பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். 1882ல் தொடங்கிய சக்ராடா ஃபமிலியாவுக்கும் முன்பதிவு செய்தே போனோம்.

இன்னொன்று: வெளிநாட்டில் அட்டையைத் தேய்த்தால் பல வங்கிகள் 3 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும். மைல் ஆசையில் அங்கும் அதே அட்டையை நீட்டாமல், பல நாணய அட்டையில் யூரோவாக மாற்றி எடுத்துப் போனோம். கடையில் “சிங்கப்பூர் வெள்ளியிலா, யூரோவிலா?” என்று இயந்திரம் கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள்.

மட்ரிட்டின் ரெய்னா சோஃபியாவிலும் ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மாலை 7 மணிக்கு மேல் இலவசம்; செவ்வாய் விடுமுறை. பிக்காசோ 1937ல் வரைந்த ‘குவர்னிகா’ அங்கேதான் இருக்கிறது. அந்த ஓவியத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மா இடது ஓரத்தில், இறந்த குழந்தையை மடியில் ஏந்தி அலறும் தாய்க்கு நேராகப் போய் நின்றார். “குண்டு போட்டாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். காவலர் வந்து மூடும் நேரம் என்று சொல்லும்வரை அங்கிருந்து நகரவில்லை. இந்தியாவையும் சிங்கப்பூரையும் தவிர வேறு நாட்டை 60 வயதுவரை பார்த்திராதவர்.

திரும்பி வந்து நோட்டைக் கூட்டினோம். ஒன்பது இரவுகள், அறை, ரயில், உணவு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து இருவருக்கு 1,500 யூரோ. விமான வரி, விசா, காப்புறுதியோடு 2,700 வெள்ளிக்குச் சற்று மேல். மைல் இல்லாவிட்டால் 5,200 வெள்ளியைத் தாண்டியிருக்கும்.

அம்மா அந்தக் கூட்டலுக்குக் கீழே கோடு போட்டார். பக்கத்தைத் திருப்பி, மறுபடி ‘மைலு’ என்று எழுதினார். பக்கத்தில் என் கணவரின் பெயர். அவருக்குத்தான் இம்முறை விடுப்பு கிடைக்கவில்லை.